பவளத்துக்குச் செய்த விளக்கு

செஞ்சியிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பேருந்தில் இரண்டு மணி நேரமாவது உட்கார வேண்டும். ஆனால் திருவண்ணாமலை சாலையில் கல்குவாரி முதலாளி கட்டிய புது வீட்டின் கூடத்தில், எட்டடி நீளக் கண்ணாடித் தொட்டிக்குள் உப்புத் தண்ணீரும் பாறையும் மீனும் உயிருள்ள பவளங்களும் இருந்தன. சென்னையிலிருந்து நான்கு பேர் வந்து தங்கி அதை அமைத்துக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் மாட்டிய வெளிநாட்டு விளக்கு, எங்கள் ஊர் மின்சாரம் ஏறி இறங்கியதைத் தாங்காமல் மூன்றாம் மாதமே எரிந்துபோனது. அதே மாதிரி இன்னொன்று வர நாளாகும் என்று அவர்கள் கைவிரித்த பிறகுதான் முதலாளி எனக்கு ஆள் அனுப்பினார்.

நான் எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ படித்தவன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், ஆம்ப்ளிஃபயர் என்று எது பழுதானாலும் பார்ப்பேன். முதலாளியின் கல்யாண மண்டபத்து விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் அப்போது என்னிடம்தான் இருந்தது. அதனால் அவர் கூப்பிட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. என்னை அவர் 'டேய்' என்று கூப்பிடுவார். மற்றவர்களிடம் என்னைப் பற்றிச் சொல்லும்போது 'தொண்டூர் காலனிப் பையன்'.

முதல் நாள் முன்வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வீட்டம்மா உள்ளேயிருந்து சொன்னார்.

"பின்னால வழி இருக்குது பாரு. அப்டி சுத்தி வா."

ஜெனரேட்டர் கொட்டகை, துணி துவைக்கும் கல் எல்லாவற்றையும் தாண்டிச் சுற்றிக்கொண்டு போனேன். கூடத்தில் நான் நின்று தொட்டியை அளந்துகொண்டிருக்கும்போதே ஒரு பெண் ஈரத்துணியோடு வந்து, நான் நடந்து வந்த தடத்தைத் துடைக்க ஆரம்பித்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். என் காலருகே வந்தபோது தலையைத் தூக்காமல் சொன்னார்.

"தப்பா நெனச்சுக்காத தம்பி. தொடைக்கலன்னா என்னத் திட்டுவாங்க."

அந்த அக்கா அனந்தபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து தினமும் பேருந்தில் வந்து போகிறவர். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள் திண்டிவனத்தில் விடுதியில் தங்கி நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். பெருக்குவது, துடைப்பது, துணி துவைப்பது இவர் வேலை. சமையலறைக்குள் கால் வைக்கக் கூடாது. சென்னைக்காரர்கள் போன பிறகு தொட்டியும் இவர் பொறுப்பாகிவிட்டது. தினம் வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும், கண்ணாடியில் படியும் பாசியைத் தேய்க்க வேண்டும், மீனுக்கு இரை போட வேண்டும். சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு நாள்தான். ஆனால் அந்த வீட்டிலேயே அந்தத் தொட்டியை உண்மையாகப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். எந்தப் பவளம் எத்தனை மணிக்கு விரியும், எது தொட்டால் சுருங்கும் என்று அத்தனையும் அவருக்குத் தெரியும். கைநீட்டிக் காட்டினார்.

"இது கோழிக்கொண்ட. இது காளான். அதோ, தலைய விரிச்சிப் போட்டுக்கினு ஆடுதே, அது முடிக்காரி. லைட்டு போனதிலேர்ந்து சோறு தின்னாதவங்க மாரி இருக்குதுங்க தம்பி."

அவர் சொன்னது உவமை இல்லை, உண்மை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தை வாங்கி அதற்குச் சோறு பொங்கிப் போடுவது அந்தப் பாசிதான். விளக்கு இல்லையென்றால் பவளம் பட்டினி. நீண்ட நாள் மங்கலில் கிடந்த பவளத்தின் மேல் திடீரென்று வெளிச்சத்தைக் கொட்டினாலோ, பாசி விஷமாகிவிடும். பவளம் தன் சோற்றையே வெளியே துப்பிவிடும். நிறமெல்லாம் போய் வெள்ளையாகும். பிறகு சாகும். அதனால் புது விளக்கை இருபது விழுக்காட்டில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து ஐந்தாக ஏற்ற வேண்டும். இதையெல்லாம் நான் ஒரு மாதம் கடையில் உட்கார்ந்து கைப்பேசியில் படித்தேன். பின்னால் நான் செய்ததைத் தெரியாமல் செய்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியாது என்பதற்காகத்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

விளக்கு செய்த நாட்கள் என் வாழ்க்கையில் நல்ல நாட்கள். சென்னை ரிச்சி தெருவுக்கு இரண்டு முறை போய், நீலமும் வெள்ளையும் கொஞ்சம் ஊதாவுமாக மூன்று வாட் எல்.இ.டி.கள் வாங்கி வந்தேன். இரண்டடி நீளத்தில் நான்கு அலுமினியத் தகடுகள், பின்பக்கம் சூடு இறங்க விசிறி விசிறியாக மடிப்பு. ஒரு தகட்டுக்கு நாற்பத்தெட்டு, மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. ஒவ்வொன்றுக்கும் அடியில் சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பசை தடவி, திருகு போட்டு, ஒயர் பற்றவைத்தேன். எங்கள் ஊர் மின்சாரத்துக்குத் தனியாக ஒரு காப்பு வைத்தேன். உப்புக் காற்று ஒயரை அரித்துவிடும் என்பதால் கீழே அக்ரிலிக் கண்ணாடி போட்டு மூடினேன். காலையில் மெல்ல ஏறி மாலையில் மெல்ல இறங்க ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டி. அதன் முகத்தில் எத்தனை விழுக்காடு எரிகிறது என்று எண் தெரியும். நான்கு பொத்தான்கள். முதல் தகட்டை ஏற்றிப் பார்த்த அன்று சந்து முழுக்க நீலமாகிவிட்டது. டீக்கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாபா, கடைக்குள்ள ஆகாயத்த புடிச்சி வெச்சிருக்க" என்றார். என் மனைவி அன்று சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "இத நீயா செஞ்ச?" என்று கேட்டாள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாட்டப் போன அன்று அக்காதான் ஏணியைப் பிடித்துக்கொண்டார். இருபதில் வைத்து ஏற்றினேன். மங்கிக் கிடந்த பவளங்கள் நீல வெளிச்சத்தில் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் தாமே ஒளிர ஆரம்பித்தன. அக்கா "சேசுவே" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். முதலாளி சோபாவில் உட்கார்ந்தபடி பார்த்தார்.

"இன்னாடா, மெழுகுவத்தி ஏத்தி வெச்ச மாரி இருக்குது?"

"போகப் போக ஏத்தலாம் முதலாளி. சட்டுனு ஏத்தினா வெளுத்துப் போயிடும்."

"நீ இன்னா கடலுக்குள்ள பொறந்தவனா?" என்றார். வீட்டம்மா சிரித்தார்.

மூன்றாவது வாரம், விளக்கு முப்பதில் எரிந்துகொண்டிருந்தபோது, அந்த வீட்டில் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். விளக்கைப் பார்த்துக்கொள்ள என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். எதற்கு இத்தனை சந்தோஷப்பட்டேன் என்று இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனேன். பின்வாசல் வழியாகத்தான்.

காலை பத்தரை மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தட்டுகளை வைத்ததும் எல்லோரும் தொட்டியைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் ஏதோ பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நிதானமாகக் குனிந்து விளக்கை அண்ணாந்து பார்த்தார்.

"பிரமாதமா இருக்கே, யார் செஞ்சது?"

நான் நான்கடி தள்ளி, தூண் பக்கம் நின்றிருந்தேன். முதலாளி என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சென்னையில ஒரு கம்பெனி. அவங்க இன்ஜினியருங்க வந்து போட்டாங்க."

அந்தப் பெரியவர் என் புதுச்சட்டையைப் பார்த்து, நான்தான் அந்த இன்ஜினியர் என்று நினைத்துவிட்டார். சிரித்துக்கொண்டே என்னை நோக்கிக் கையை நீட்டினார். நானும் கையை நீட்டினேன். கைகள் தொடுவதற்குள் முதலாளி சொன்னார்.

"ஐய, அவன் நம்ம ஒயர்மேனுங்க. காலனிப் பையன். கரண்டு போனா பாக்கறதுக்கு நிக்க வெச்சிருக்கேன்."

பெரியவரின் கை அப்படியே திரும்பி, தன் கண்ணாடியைச் சரிசெய்யப் போய்விட்டது. என் கை மட்டும் நீட்டியபடி இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப்பையைத் தடவினேன்.

"டேய், அந்த லைட்ட ஃபுல்லா வை. ஜனங்க பாக்கட்டும்" என்றார் முதலாளி.

"ஃபுல்லா வெச்சா பவளம் செத்துடும் முதலாளி."

"பாத்தீங்களா, டாக்டர் சொல்றாரு" என்று அவர் கூடத்தைப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மணப்பெண்கூடச் சிரித்தாள். "ஒரு நாள்ல ஒண்ணும் சாவாது. நாளையிலேர்ந்து நீ சொல்ற மாரி கொறச்சிக்க. இப்ப வைடா."

வைத்தேன். கூடமே 'ஆ' என்றது.

பந்தி முடிகிற நேரத்தில் அக்கா எனக்கு இலையை ஜெனரேட்டர் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். உள்ளே உட்கார வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்களாம். சிமெண்டு மூட்டைமேல் இலையை விரித்து, தானே பரிமாறினார். என்னால் சாப்பிட முடியவில்லை.

"சாப்புடு தம்பி. அவன் பேசினதுக்கு சோறு இன்னா பண்ணுச்சி?"

அன்று முழுவதும் அந்த வீட்டில் என்னை மனிதனாக மதித்துப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

மாலையில் எல்லோரும் போன பிறகு, கட்டுப்பாட்டுப் பெட்டியை மறுபடி முப்பதுக்கு மாற்றுவதற்காகக் கூடத்துக்குப் போனேன். யாரும் இல்லை. முடிக்காரி ஏற்கெனவே தன் முடியையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு முடிச்சு மாதிரி கிடந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, தினமும் காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு மணிவரை நூறு விழுக்காடு என்று போட்டுப் பூட்டினேன். கோபத்தில் கண் மண் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். நான்கு பொத்தான்களையும் சரியான வரிசையில் அழுத்தி, சரியாகப் பதிந்ததா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் பைக்கை எடுத்தேன். வீடு போய்ச் சேரும்வரை மனது லேசாக இருந்தது.

மூன்றாம் நாள் அக்கா போன் செய்தார்.

"தம்பி, வெளிச்சம் சாஸ்தியா இருக்குது போலக்கீதே. எல்லாம் வாய மூடிக்கினு கெடக்குதுங்க. காளான் ஓரமெல்லாம் வெள்ளையா ஆவுது."

"அது பழகிடும்க்கா. நீங்க தண்ணி ஊத்தறத மட்டும் பாத்துக்குங்க."

"அப்டியா? நீ சொன்னா சரி."

ஐந்தாம் நாள் மறுபடி அழைத்தார். நான் எடுக்கவில்லை. ஆறாம் நாளும் எடுக்கவில்லை.

எட்டாம் நாள் காலை முதலாளியே அழைத்தார். போனபோது தொட்டி முழுக்க வெள்ளையாக இருந்தது. சுடுகாட்டில் எலும்பு பொறுக்கும்போது பார்த்திருக்கிறேன், அந்த வெள்ளை. சில பவளங்கள் அழுகி நூல் நூலாகத் தொங்கின. கூடத்தில் செத்த மீன் வாடை அடித்தது. இரண்டு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. முதலாளி கத்திக்கொண்டிருந்தார். நான் செய்த முதல் வேலை, ஒயரைப் பார்க்கிற மாதிரிக் குனிந்து, பெட்டியில் நூறை முப்பதுக்கு இறக்கியதுதான். நிமிர்ந்தபோது அக்கா துடைப்பக் கட்டையோடு எனக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"இவ இன்னாத்தையோ ஊத்திட்டா" என்றார் வீட்டம்மா. "தொடைக்கிற பக்கெட்டும் அதுக்கு ஊத்தற பக்கெட்டும் ஒண்ணா வெச்சிக்கிறா. பினாயில் தண்ணிய ஊத்தியிருப்பா."

"மாதா மேல சத்தியமா நான் ஒண்ணும் ஊத்தலம்மா. பக்கெட்டு வேற, இது வேற."

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுடா. உன் லைட்டாலயா, இவ ஊத்தினதாலயா?"

அக்கா என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை. நான் சொல்லப்போவது உண்மையாகத்தான் இருக்கும் என்கிற மாதிரி சாதாரணமாகப் பார்த்தார். மண்டபத்து வேலை போய்விடும், கடை போய்விடும், ஆட்களை விட்டு அடிப்பார்கள் என்று அத்தனையும் அந்த ஒரு நொடியில் எனக்குள் ஓடியது.

"லைட்டு முப்பதுலதான் இருக்குது முதலாளி. தண்ணியிலதான் ஏதோ சேந்திருக்குது."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எதுவும் இடிந்து விழவில்லை. முதலாளி அக்காவின் கையிலிருந்த துடைப்பக் கட்டையைப் பிடுங்கி, அதன் முனையால் அவர் தோளில் ஒரு குத்து குத்தினார். பிறகு, தொட்டியில் கிடப்பதையெல்லாம் அவரே வெளியே எடுக்க வேண்டும் என்றார். சென்னைக்காரர்கள் வைத்துவிட்டுப் போன கையுறை அலமாரியில் இருந்தது. வீட்டம்மா அதைக் கொடுக்கவில்லை. "கொன்னவளே வழிக்கட்டும்."

அக்கா முக்காலி போட்டு ஏறி, தோள்வரை கையை விட்டு, ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்தார். செத்த பவளத்தின் விளிம்பு உடைந்த ஓடு மாதிரி கூராக இருக்கும். உப்புத் தண்ணீரில் அவர் கைகளில் கீறல் விழுந்துகொண்டே இருந்தது. எனக்கு இட்ட வேலை விளக்கைக் கழற்றுவது. அவருக்கு நேர் மேலே ஏணியில் நின்று நான் திருகு கழற்றினேன், கீழே அவர் அழுகினதை வழித்தார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் அப்படி இருந்தோம். காளானை எடுக்கும்போது அது அவர் கையிலேயே கரைந்துபோயிற்று. வாளிகளைத் தூக்கிக்கொண்டு போய் ரோட்டோரச் சாக்கடையில் கொட்டினார். அதோடு வேலையை விட்டு அனுப்பினார்கள்.

அது அங்கேயே நிற்கவில்லை. வீட்டம்மா தெரிந்த வீட்டுக்கெல்லாம் போன் செய்து, மீனுக்கு விஷம் வைத்தவள் என்று சொல்லிவிட்டார். அக்கா செஞ்சியில் நான்கைந்து வீடுகளில் போய்க் கேட்டும் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் ஊர்வரைக்கும் பேச்சுப் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். நான் எப்போதும் போலக் கடையைத் திறந்தேன், மூடினேன். கழற்றி வந்த விளக்கை மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒருநாள், கடையில் வைத்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் சொன்னாள்.

"அந்தாளு உன்ன அசிங்கப்படுத்தினான், சரி. நீ யாரப் பழி வாங்கின?"

டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான்கு நாள் என்னோடு பேசவில்லை.

ஐந்தாம் நாள் நான் முதலாளி வீட்டுக்குப் போனேன். தைரியம் வந்து போனேன் என்று சொல்ல முடியாது. அடித்தாலும் பரவாயில்லை என்கிற நிலைக்கு வந்திருந்தேன். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "முதலாளி, பவளம் செத்தது லைட்டாலதான். அந்த அக்கா ஒண்ணும் பண்ணல" என்றேன். முழு உண்மை வாயில் வரவில்லை. வேண்டுமென்றே செய்தேன் என்பதை விழுங்கிவிட்டேன்.

அவர் பல் குத்திக்கொண்டே கேட்டார்.

"இத சொல்றதுக்கா வந்த? அன்னிக்கே தெரியும்டா. போட்டோ அனுப்பினதுமே சென்னைக்காரன் சொல்லிட்டான், வெளிச்சம் சாஸ்தியாயிடுச்சின்னு."

"அப்ப அந்த அக்காவ எதுக்கு..."

"போனவ போயிட்டா. இப்ப இன்னா? நிச்சயத்துக்கு வந்தவன்லாம் மீன் செத்துப்போச்சான்னு கேட்டான். நான் வெச்ச வெளிச்சத்துல செத்துதுன்னா சொல்லுவேன்?" பல்குச்சியைத் துப்பினார். "அடுத்த மாசம் புதுசு எறக்கறேன். அந்த லைட்ட கொண்டாந்து மாட்டு."

அவரும் நானும் அவரவர் மட்டுக்கு உண்மையைத் தெரிந்துவைத்திருந்தோம். அடி வாங்கியது மட்டும் அக்கா. அன்று நான் தலையாட்டிவிட்டு வந்தேன். விளக்கையும் கொண்டுபோய் மாட்டினேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அதற்கப்புறம்தான் அக்காவின் ஊருக்குப் போனேன். கூரை வீடு, ஓரத்தில் மாதா படம். மதியம் மூன்று மணி வெயில். அவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கைகளில் தழும்பு கோடு கோடாக இருந்தது. உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நூறு வைத்தது, பூட்டியது, போனில் பொய் சொன்னது, எல்லாம்.

"தெரியும்" என்றார். "அன்னிக்கி நீ வந்ததும் குனிஞ்சி பொட்டியில கொறச்சல்ல. நான் பின்னாலதான் நின்னேன். எனக்கு நம்பர் படிக்கத் தெரியும்."

"அன்னிக்கே ஏன்க்கா சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு நின்னேன்."

கடலையை உரித்துக்கொண்டே இருந்தார். நான் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் வேணா. ஞாயித்துக்கெழம வா. பூச முடிஞ்சி ஊரே கோயில் வாசல்ல நிக்கும். அங்க சொல்லு. என் பொண்ணுக்கு வந்த சம்பந்தம் நின்னு போச்சி. வெஷம் வெச்சவ பொண்ணுன்னு சொல்லிட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை போனேன். பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். பங்குச் சாமியாரிடம் முன்கூட்டியே அக்கா சொல்லி வைத்திருந்தார் போல. அவர் எல்லோரையும் நிற்கச் சொன்னார். மாதா சிலை வைத்த கெபிக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டுமென்றே செய்தேன் என்பதையும் இந்த முறை விழுங்கவில்லை. கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"அவனுக்குப் பண்ண வேண்டியத அந்த உசுருங்களுக்கு ஏம்பா பண்ண?"

"அவர ஒண்ணும் பண்ண முடியல" என்றேன். என்னிடம் இருந்த பதில் அதுதான்.

யாரும் திட்டவில்லை. கலைந்து போனார்கள். ஒரு வயதான அம்மா மட்டும் கிட்டே வந்து என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, காலருகே துப்பிவிட்டுப் போனார். அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே நடந்துவிட்டார்.

அந்தப் பேச்சு முதலாளியின் காதுக்குப் போக மூன்று நாள்கூட ஆகவில்லை. வேண்டுமென்றே செய்தேன் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் வரவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. மறுவாரம் ஒரு நாள் காலையில் கடையைத் திறக்கப் போனேன். குவாரி ஆட்கள் இருவர் வாசலில் என் விளக்கை வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். உடைத்துப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் தகடுகள் நான்கும் ஒரு நெளிவு இல்லாமல் நேராக இருந்தன. எல்.இ.டி.கள் மட்டும், சின்னச் சுத்தியலால் ஒவ்வொன்றாக நசுக்கப்பட்டிருந்தன. ஒன்றைக்கூட விடவில்லை. யாரோ பொறுமையாக உட்கார்ந்து செய்த வேலை. மண்டபத்து வேலையும் அன்றோடு போனது. டீக்கடைக்காரர் அதன் பிறகு எனக்கு டீ தருவார், பேச மாட்டார். அவருக்கும் முதலாளி மண்டபத்தில் சப்ளை இருந்தது.

இரண்டாவது முறை இறக்கிய பவளங்கள் என்ன ஆயின என்று எனக்குத் தெரியாது. இப்போது அந்தத் தொட்டி காலியாக இருக்கிறது, உள்ளே கல்யாணப் பரிசுச் சாமான்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார்.

அந்த வருடக் கடைசியில் அனந்தபுரத்தில் ஒரு ஆசிரியர் வீட்டிலிருந்து இன்வெர்ட்டர் பழுது என்று அழைத்தார்கள். கணவன் மனைவி இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகிறவர்கள். வீட்டில் சமையலுக்கு ஆள் இருக்கிறது, திறந்துவிடுவார்கள் என்றார்கள். கதவைத் திறந்தது அக்கா. அவருக்கும் ஒரு நொடி தூக்கிவாரிப் போட்டது. பிறகு ஒதுங்கி வழிவிட்டார்.

"முன்னாலயே வாங்க. இன்வெட்டர் படிக்கட்டுக்குக் கீழ இருக்குது."

மகள் படிப்பை முடித்துவிட்டாளா என்று கேட்டேன். முடித்துவிட்டாள், திண்டிவனத்திலேயே வேலை என்றார். நான் பேட்டரியைக் கழற்றி, போர்டைத் திறந்து, கருகிய இடத்தை மாற்றிப் பற்றவைக்க முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் அவர் சமையலறைக்குப் போகவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, இரண்டடி தள்ளிச் சுவரோரம் நின்று, என் கைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திருப்புளியை எடுத்தாலும், ஒயரைத் தொட்டாலும், அவர் கண் கூடவே வந்தது. வேலை முடிந்ததும் நான் பையைக் கட்டினேன்.

"இருங்க. எல்லாத்தையும் போட்டுக் காட்டிட்டுப் போங்க. அவங்க வந்து கேட்டா நான்தான் பதில் சொல்லணும்."

மெயினை அணைத்து இன்வெர்ட்டரில் ஓட விட்டேன். கூடத்து ஃபேன், சமையலறை லைட்டு, மாடி லைட்டு, குளியலறை லைட்டு என்று ஒவ்வொரு சுவிட்சாகப் போடச் சொன்னார். போட்டேன். ஒவ்வொன்றுக்கும் கீழே போய் நின்று எரிகிறதா என்று அண்ணாந்து பார்த்தார். பிறகு இன்வெர்ட்டரின் முகத்தில் எரிந்த எண்ணைக் குனிந்து படித்து, என்ன அர்த்தம் என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். நான் வெளியே வந்து வண்டியை எடுப்பதற்குள் உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.